ஆழப் பதிந்த குதிக்கால்

தம்பி, இந்தக் கடிதத்தை நின்ற நிலையில் படிக்காதே. வேலை செய்கிற கந்தோரில் வைத்துப் பிரிக்கவும் வேண்டாம். அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்து படி. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் கத்துவேன், கத்தியபிறகு சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும், உன் அம்மா இருந்தவரைக்கும் அதோடு மாரடித்தவள். உன் கலியாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு ஜெனிற்றா இங்கே வந்தாள். உனக்கு மனைவியாக வரப்போகிறவள் என்பதற்கு முன்னால் எனக்கு அவள் என் கூட்டாளி சவிரிமுத்துவின் மகள். பிளேன்ரீ ஊற்றி எனக்கொன்று தந்து, தானொன்று வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். "மாமா, ஒண்டு கேக்கப்போறன், மறுக்கக்கூடாது" என்றாள். "அப்பா இருந்திருந்தால் அவர்தான் என்னைக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போவார். அவர் இல்லை. நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வரவேணும்." நான் பகிடியாகத் தட்டிவிடப் பார்த்தேன். "மாப்பிள்ளையின்ரை தேப்பன் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாறதோ? சனம் சிரிக்கும் பிள்ளை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சிரிக்கட்டும். அப்பாவோடை சேர்ந்து நடந்த கால் உங்கடை கால்தானே, மாமா." நான் ஓமென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

அந்தக் காலை அவளுக்குப் பக்கத்தில் எடுத்து வைக்க எனக்கு அருகதை இல்லை. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நீயும் ஒரு கேள்வியைப் பதினெட்டு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறாய், இரண்டு தரம் வாய்விட்டும் கேட்டிருக்கிறாய்: பத்து வயதில் உன்னைக் கடற்கரையில் வைத்து ஏன் அப்படி அடித்தேன் என்று. அதற்கும் இதுதான் பதில். இரண்டு தரமும் "சும்மா பேய்க்கதை கதையாதை" என்று உன்மேல் பாய்ந்தேன். பதில் இல்லாதவன் அப்படித்தான் பாய்வான்.

சவிரி மாமாவை உனக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். மெலிந்த உடம்பு, நீட்டுக் கழுத்து, சிரித்தால் கண் மூடிவிடும். நானும் அவனும் ஒன்றாகத்தான் குருநகர்க் கரையில் தடி நட்டு வலை கட்டித் தொழில் செய்தோம். எண்பத்து மூன்றில், நீ பிறந்த வருடம், அவன் மீன் லொறியோடு மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சில மாதம் நின்றான். அங்கே ஆரோ ஒருவரிடம் சிலம்படி பழகிவிட்டு, கலவரத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தான். கையில் ஒரு கம்பு, காலில் புதிதாய் ஒரு நடை. ஊரில் பெடியன்கள் எல்லாம் எதையாவது பழகவேண்டும், துவக்கால் சுடவாவது பழகவேண்டும் என்று துடித்த காலம் அது. எங்களைக் கண்டால் பகிடி பண்ணுவார்கள். "உலகம் துவக்குக்கு வந்திட்டுது, இவையள் கம்போடை நிக்கினம்" என்பார்கள். சவிரி சொல்வான்: "இது கம்புக்கு இல்லையடா, காலுக்கு."

உண்மையிலேயே காலுக்குத்தான். ஆறு மாதம் அவன் என்னைக் கம்பைத் தொட விடவில்லை. அவன் எனக்கு வாத்தியார் இல்லை, சில மாதம் முந்திப் பழகியவன், அவ்வளவுதான். அதனால் நான் அவனோடு சண்டை பிடித்துச் சண்டை பிடித்துத்தான் பழகினேன். சிலம்பத்தில் நாலு பக்கமும் அடி வைத்துத் தொடங்கிய இடத்துக்கே வருவதை வீடு கட்டுவது என்பார்கள். பக்கத்துக்கு நாலாகப் பதினாறு அடி. வேகமாகச் சுற்றினால் ஒரு நிமிடம் பிடிக்காது. சவிரி அதை நாலைந்து நிமிடம் நடப்பான். சுண்டுவிரல் பக்கம் முதலில் நிலத்தைத் தொடவேண்டும், பிறகு பெருவிரல், கடைசியாகத்தான் குதிக்கால். குதி போய் இருந்தபிறகுதான் உடம்பின் பாரம் அந்தக் காலுக்குப் போகலாம். அதுவரை பாரம் பின்காலில். மூச்சு ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஓர் அடி. "உதென்ன புதினம்?" என்று கேட்டேன். "புதினம் ஒண்டுமில்லை மச்சான். திருக்கை கிடக்கிற தண்ணிக்குள்ளை நாங்கள் காலைத் தூக்காமல் அரக்கி அரக்கி நடக்கிறமல்லோ, அதைக் கரையிலை நடக்கிறம்" என்றான். அதோடு எனக்கு விளங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் திருக்கையின் முள்ளுக்குப் பயந்து மண்ணைத் தடவி நடந்து வளர்ந்த கால்தானே எங்களது.

நாங்கள் நடப்பது கடல் வற்றிய நேரத்தில், ஈர மணலில். அதற்குக் காரணம் இருந்தது. பதினாறு அடியும் முடிந்ததும் திரும்பி நின்று ஒருவர் மற்றவரின் அடியைப் பார்ப்போம். தண்ணீர் ஏறி அழிப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். விரல் ஆழமாக இருந்தால் அவசரம். ஓரம் சாய்ந்திருந்தால் கவனம் எங்கேயோ போயிருக்கிறது. குதி ஆழமாக இருந்தால் பயம், பாரத்தைத் திடுக்கிட்டுப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். "குதி விட்டிட்டாய்" என்பதுதான் எங்களுக்குள் பெரிய பேச்சு. சந்தையில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தால் என் அடியைப் பார்த்தே "ஆரோடை கொளுவினனீ?" என்று கேட்பான். நானும் போகப்போக நன்றாகவே பார்க்கப் பழகிவிட்டேன். அவனுடைய அடியை ஆயிரம் அடிக்குள் வைத்தாலும் பிரித்தெடுப்பேன். குதியை வைக்கும்போது மட்டுமட்டாக ஒரு மயிரிழை முன்னுக்குத் தள்ளி வைப்பான். அதனால் குதியின் முன்னால் மண் ஒரு சின்ன வரம்பாக ஒதுங்கி நிற்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்கே தெரியாது.

இப்போது என் அசிங்கத்தைச் சொல்கிறேன். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் அடியில் என்னால் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் என் அடியில் ஒவ்வொரு நாளும் கண்டுபிடித்தான், அதுவும் சிரித்துக்கொண்டு. எனக்கு அது உள்ளுக்குள் கொதிக்கும். அவன்மேல் எனக்கு உயிர், அதில் பொய் இல்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, "சவிரியன், குதி விட்டிட்டாயடா" என்று சொல்லிப்போட வேண்டும் என்று கிடந்து ஏங்கினேன். உனக்கு அப்போது ஆறு வயது. நீ அவன் பின்னால் போய், அவன் பதித்த அடிக்குள் உன் சின்னக் காலை வைத்து வைத்து நடப்பாய். அவன் திரும்பிப் பார்க்காமலே, "என்ரை வாலில் ஒரு நண்டு வருது" என்பான். அதற்கும் எனக்கு எரிச்சல் வரும். என் மகன் ஏன் என் அடிக்குள் கால் வைக்கவில்லை?

உனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் நான் வலையைப் பார்க்கத் தனியாகக் கரைக்குப் போனேன். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது, கடல் வற்றிக் கிடந்தது. கரையின் தொங்கலில், கடைசி முனையில், ஐஸ் வைக்கிற பழைய கட்டடம் ஒன்று இருந்ததல்லவா, அதைச் சில மாதமாகத் துவக்கோடு வந்தவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் ஆர் என்று எழுத மாட்டேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் கரையில் துவக்கோடு நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர்கள் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. அன்றைக்கு நாலு பேர் மணலைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவன் என்னைக் கண்டு மரியாதையாகத்தான் கூப்பிட்டான். "அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ. நீங்கள் கடல்காரர்தானே. உந்தக் காலடி ஆற்றை, ஆர் நடந்தது எண்டு சொல்லேலுமோ?" என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்வரைக்கும் ஓர் ஆளின் அடி, ஒரேயோர் ஆளின் அடி, நூல் பிடித்தமாதிரிப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே அளவு. குதிக்கு முன்னால் அந்தச் சின்ன வரம்பு. ஆனால் குதி இரண்டு விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. எல்லா அடியிலும் அப்படித்தான். ஆறு வருடமாகக் காத்திருந்தது என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. தம்பி, நான் சிரித்தேன். துவக்குகளுக்கு நடுவில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. "அட, சவிரியன் குதி விட்டிட்டான்!" என்று கையைத் தட்டிச் சொன்னேன்.

"ஆர் சவிரி?" என்றான் அவன்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது. தேத்தண்ணி ஊற்றும்போது, சவரம் எடுக்கும்போது, பாதர் பிரசங்கம் வைக்கும்போது, சும்மா இருக்கும்போதும் அந்தக் குரல் கேட்கும். ஆர் சவிரி? நான் உடனே மழுப்பினேன். "இல்லையண்ணை, சும்மா பகிடிக்குச் சொன்னனான். உப்பிடிக் கரையிலை எல்லாரும்தான் நடப்பினம்." "எல்லாருமெண்டால் நீங்களும் ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்றான். நான் நடந்து காட்டினேன். எப்படி நடந்தேன் தெரியுமா? தடுமாறி, காலை வீசி, விரலை ஊன்றி, ஒரு குடிகாரன்கூட வெட்கப்படுகிற மாதிரி நடந்தேன். என் காலை அந்த இடத்திலேயே ஒளித்துவிட்டேன். "சரி, நில்லுங்கோ" என்றார்கள். இரண்டு பேர் போய்ச் சவிரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவனைக் கண்டுபிடிப்பது என்ன கஷ்டமா, பெயரைத்தான் நான் கொடுத்துவிட்டேனே.

சவிரி வந்து நின்று முதலில் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தான். அங்கே அவனுடைய அடி கிடந்தது. பக்கத்தில் என்னுடைய கோணல் அடியும் கிடந்தது. அவனுக்கு என் அடியைப் படிக்கத் தெரியாதா? நான் சொன்னதும், சொல்லிவிட்டு ஒளித்ததும் எல்லாம் மணலில் எழுதியிருந்தது. அவனும் என்னைப்போலத் தடுமாறி நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அவர்கள் எங்கள் இரண்டு பேரையும் வாகனத்தில் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கரையில் அப்படி நடக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதை அவர்கள் விசாரித்து அறிய எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவன் சாரத்தை மடித்துக் கட்டினான். மூச்சை இழுத்தான். பிறகு பதினாறு அடியும் நடந்தான், ஒவ்வொன்றாக, ஒழுங்காக, நாங்கள் தினமும் நடக்கிற மாதிரியே. அவர்கள்கூட நின்று பார்த்தார்கள். முடிந்ததும் வாகனத்தடிக்குப் போகிற வழியில் எனக்குக் கிட்ட வந்து, "குதியைப் பாரடா மச்சான்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அவன் மனைவி றெஜினா ஏறாத படி இல்லை, எழுதாத கடதாசி இல்லை. போன ஆள் போனதுதான்.

அந்தக் கட்டடத்தில் அடைத்து வைத்திருந்த அச்சுவேலி வாத்தியார் ஒருவர் தப்பிவிட்டார், கதவைத் திறந்துவிட்டது சவிரிதான் என்று இரண்டு நாளைக்குப் பிறகு ஊரில் கதை அடிபட்டது. எப்படித் தப்பினார் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் என்ன செய்தேன் என்றும் ஒருவருக்கும் தெரியாது. நான் எனக்கே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அன்றைக்கு விடியப்புறம் சவிரி பயந்திருக்கிறான், பயத்தில் குதி விட்டிருக்கிறான். பிறகு என்னிடம் வந்து, இப்போது பார், பயமில்லாமல் நடந்தேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். காலையில் அவன் ஒழுங்காக நடந்திருந்தால் நான் ஏன் வாய் திறக்கிறேன்? பிழை அவன்மேல். இப்படி ஐந்து வருடம் என்னை நானே தடவிக்கொடுத்துக்கொண்டு சோறு தின்றேன். றெஜினா வீட்டு வாசலில் நாள் தவறாமல் மீன் கொண்டுபோய் வைத்தேன். "கூடப்பிறந்தவன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்" என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். சீ! அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் எனக்கு ஏலுமாய் இருந்ததே, அதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம்.

இடையில்தான் நீ அடி வாங்கிய நாள் வந்தது. ஒரு பின்னேரம் கரைக்கு வருகிறேன், ஈர மணலில் சவிரியின் அடி. குதிக்கு முன்னால் அதே வரம்பு. கால் சின்னது என்று கண் சொல்கிறது, மனம் கேட்கவில்லை. மாதாவே, வந்துவிட்டான் என்று நினைத்தேன். அழுதுகொண்டு அந்த அடியைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். வள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய், வீட்டுக் கூரை வளையில் நான் செருகி வைத்திருந்த சவிரியின் கம்போடு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்ல அடி வைத்துக்கொண்டு. எனக்கு வந்தது கோபம் இல்லை தம்பி, பயம். அந்தக் கம்பைப் பறித்து அதாலேயே உன்னை அடித்தேன். நாலாவது அடியில் கம்பு முறிந்தது. நீ அழவில்லை. "சவிரி மாமாவின்ரை கம்பை ஏனப்பா முறிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாய். இனிக் கடற்கரையில் கால் வைத்தால் காலை முறிப்பேன் என்று கத்தினேன். உன் முதுகில் கிடந்த தழும்புக்கு அம்மா எண்ணெய் பூசிக்கொண்டே மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நீ என்னை மன்னித்தாயோ என்று கேட்க வரவில்லை. அந்த அடி உனக்கு விழவேண்டிய அடி இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை கிட்ட வர, ஊரோடு வெளிக்கிட்டோம். சாவகச்சேரிக்குப் போன அந்தச் சனக்கூட்டம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், உனக்குப் பன்னிரண்டு வயது, தலையில் பானையும் பாயும் வைத்துக்கொண்டு வந்தாய். மழை. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. ஓர் அடி வைத்தால் கால் மணித்தியாலம் நிற்கவேண்டும். விடிந்தபிறகு எங்களோடு வந்த ஜெனிற்றா கால் வீங்கி நடக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவளை நான் முதுகில் தூக்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை. வருத்தக்காரக் கிழவர் ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், வழி விடுவதற்காக நான் ரோட்டிலிருந்து இறங்கிச் சேற்றுக்குள் நாலைந்து அடி நடந்தேன். வழுக்கியது. அதனால் ஐந்து வருடமாக நான் நடக்காத அந்த நடை தானாகவே காலுக்கு வந்தது. சுண்டுவிரல், பெருவிரல், குதி. பயமும் இல்லை, அவசரமும் இல்லை, பிள்ளை விழக்கூடாது என்ற கவனம் மட்டும்தான். திரும்பி ரோட்டில் ஏறப்போகும்போது சேற்றில் என் அடியைக் கண்டேன். எல்லாம் ஒழுங்காக, அளவாக இருந்தது. குதி மட்டும் இரண்டு விரற்கடை ஆழம்.

அப்படியே நின்றுவிட்டேன். "என்னப்பா மரம்மாதிரி நிக்கிறியள், சனம் தள்ளுது!" என்று அம்மா கத்தினாள். முதுகில் இருந்து ஜெனிற்றா, "மாமா, பாரமோ? இறக்கிவிடுங்கோ" என்றாள். "இல்லைப் பிள்ளை, பாரமில்லை" என்றேன். அன்றைக்குச் சவிரி பயந்து நடக்கவில்லை. அவன் முதுகில் ஓர் ஆள் இருந்திருக்கிறான். குதியைப் பாரடா என்று அவன் சொன்னது வீம்புக்கு இல்லை. காலையில் கிடந்த குதியையும் இப்போது பதித்த குதியையும் பார், பார்த்து விளங்கிக்கொள், நான் பிழை விடவில்லை, ஒரு மனிசனைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று சொல்லியிருக்கிறான். அதை விளங்கக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் நான். எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. பிறகு சாவகச்சேரியில் அச்சுவேலிக்காரர் ஒருவர் சொன்னார், அந்த வாத்தியாருக்கு அப்போது எழும்பி நிற்கவே ஏலாதாம், ஆரோ கடல்காரன் முதுகில் சுமந்து வந்து வள்ளத்தில் ஏற்றிவிட்டானாம், இப்போது வெளிநாட்டில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறாராம்.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். காலில் ஆறு வருடம் மெதுவைப் பழகினேன், நாக்கில் ஒரு நாள்கூடப் பழகவில்லை. அவளுடைய செய்கை ஒன்று உனக்குப் பிழையாகத் தெரிந்தால், சொல்லிப்போட வேண்டும் என்று நாக்குத் துடித்தால், ஒரு மூச்சு உள்ளே, ஒரு மூச்சு வெளியே. அவள் முதுகில் உனக்குத் தெரியாத ஏதாவது பாரம் இருக்கும். நாளைக்குக் காலையில் றெஜினாவிடம் போகிறேன். கடிதத்தை மூடாமல் வைத்துவிட்டுப் போகிறேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நேற்றுப் போனேன். றெஜினா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நான் கொடுத்துவிட்ட மீன்தான். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன், ஆர் சவிரி என்று அவன் கேட்டதுவரைக்கும். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. குதியின் கதையைச் சொல்லி, தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றபோதுதான் கை நின்றது. "ஆளைத் தூக்கிக்கொண்டோ போனவர்?" என்றாள். பிறகு எனக்கில்லை, அந்த மீனுக்குச் சொல்கிறமாதிரிச் சொன்னாள்: "அண்டைக்கு விடியமுந்தி எழும்பிப் போனவர். வந்து தேத்தண்ணி கேட்டார். முதுகு நோகுது, கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சுவிடும் எண்டார். எனக்கு வேலை கிடக்குது, வலை இழுத்தால் நோகும்தானே எண்டு ஏசிப்போட்டன். தேய்க்கேல்லை." இருபத்தைந்து வருடமாக என்னை அண்ணை, நீங்கள் என்று கதைத்தவள் எழும்பிக் கையைக் கழுவிவிட்டுச் சொன்னாள்: "நீர் போம். இனி இஞ்சை மீன் கொண்டு வரவேண்டாம்." திரும்பினால், வாசலில் ஜெனிற்றா நிற்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் அவளாகவே கரைக்கு வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. "அப்பா எப்பிடி நடந்தவர்?" என்றாள். "காட்டட்டோ பிள்ளை?" என்று சாரத்தை மடித்தேன். "வேண்டாம். நீங்கள் காட்டவேண்டாம்." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்கடை மகன் அப்பாவின்ரை அடிக்குள்ளை கால் வைச்சுப் பழகினவர் எண்டு சொன்னனீங்கள். அவர் வந்து காட்டட்டும். கோயிலுக்குள்ளை என்ரை கையை ஒருத்தரும் பிடிக்கவேண்டாம். அப்பா நடந்தமாதிரி நான் தனிய நடந்து வருவன்." அப்படியென்றால் கலியாணம், என்று இழுத்தேன். "அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீங்கள் அதுக்குள்ளை கால் வைக்காதேங்கோ" என்றாள். போகத் திரும்பினவள் நின்று, "நீங்கள் வரவேண்டாம் எண்டு சொல்லமாட்டன். வந்து கடைசி வாங்கிலை இருங்கோ, மாமா" என்றாள். மாமா என்றாள். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் கணக்குப் போடவில்லை.

ஆகவே அடுத்த கிழமை சனிக்கிழமை நீ வந்து இறங்கியதும் என்னிடம் வராதே. நேரே அவளிடம் போ. எனக்காக ஒரு சொல்லும் பரிந்து பேசாதே. கடல் வற்றிய நேரமாகப் பார்த்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக்கொடு. மறந்துபோனது என்று சொல்லாதே. போன மாரிக்கு நீ வந்து நின்றபோது மழை விட்டிருந்தது, நீ கிணற்றடிக்குப் போய்வந்த அடியை முற்றத்தில் பார்த்தேன். குதிக்கு முன்னால் அந்த வரம்பு இருந்தது. கம்பைத்தான் நான் முறித்திருக்கிறேன். மழை வந்து அழிக்கும்வரைக்கும் அந்த அடியை ஒருவரையும் மிதிக்க விடவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் கடைசி வாங்கில் ஏன் இருக்கிறார் என்று சனம் கேட்கும். கேட்கட்டும், நானே சொல்லுவேன், இனி ஒளிக்கக் காலும் இல்லை. நீ பீடத்தடியில் நின்று அவளுடைய முகத்தைப் பார். அவள் மெல்லத்தான் வருவாள், அவசரப்படுத்தாதே. கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கு அவள் முகம் தெரியாது. பாதிரியார் தெரியமாட்டார், நீயும் தெரியமாட்டாய். முன்னுக்கு நடந்துபோகிறவளின் குதிக்கால் மட்டும்தான் தெரியும். சவிரி பார்க்கச் சொன்னதை அன்றைக்காவது நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.

அப்பா